சித்தப்பா வாசித்த ரொக்கெட் கதைகள்

போன மாதம் விம்பிள்டனில் நம் வாசகர் வட்டம் கூடியபோது நான் வாயைத் திறக்கவில்லை என்பதை நீங்கள் எல்லோரும் கவனித்திருப்பீர்கள். வழக்கமாக என்னை நிறுத்துவதற்காகவே தேநீர் இடைவேளை விடுகிறவர்கள் நீங்கள். அன்றைய பொருள், பழைய விஞ்ஞானப் புனைகதைகளில் எவை இன்னும் நிற்கின்றன, எவை படுத்துவிட்டன என்பது. ஆளாளுக்குப் பட்டியலோடு வந்திருந்தீர்கள். மதுரையிலிருந்து வந்த நம் டாக்டர், "ஆமா, சயின்ஸே தப்பா இருந்தா அப்புறம் அதுல என்ன இருக்கு? தூக்கிப் போட வேண்டியதுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வடையை எடுத்துக்கொண்டார். நம் செயலாளர் அதை மறுத்து இருபது நிமிடம் பேசினார். நான் இரண்டாவது தேநீரையும் குடித்துவிட்டு டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டேன்.

கோபம் ஒன்றும் இல்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அதைச் சொல்வதென்றால் ஒரு முழுக் குளிர்காலத்தையும் சொல்ல வேண்டும், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்ற கணக்குக்குள் அது அடங்காது. அதனால் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். நீங்களும் என்னைப் போலப் பிள்ளைகளாக இந்த நகரத்துக்கு வந்தவர்கள், கவுன்சில் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துச் சொன்னவர்கள். ஆகவே பல இடங்களில் உங்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

எண்பதுகளின் கடைசி அது. எனக்குப் பதினொரு வயது. பிளேஸ்டோவில் ஒரு வரிசை வீட்டின் மேல்மாடி எங்களுக்கு. அப்பாவுக்குப் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட். அம்மாவுக்கு சான்ட்விச் செய்யும் தொழிற்சாலையில் வேலை. குளித்துவிட்டு வந்தாலும் அவர் கையில் முட்டை வாசம் போகாது. அந்த ஐப்பசியில் அப்பாவின் கடைசித் தம்பி, என் சித்தப்பா, வந்து சேர்ந்தார். இருபத்தாறு வயது. ஒரு தோள்பையும், காலுக்குப் பெரிதான யாரோ ஒருவரின் சப்பாத்தும். அகதி விண்ணப்பம் போட்டாயிற்று. முடிவு வரும்வரை வேலை செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எனவே அவருக்கு வீட்டில் கிடைத்த ஒரே உத்தியோகம் என்னைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வருவது.

மூன்றரைக்குப் பள்ளி விடும். நாலு மணிக்கு இருட்டிவிடும். வீட்டில் ஹீட்டருக்கு மீட்டரில் காசு போட வேண்டும், அம்மா வரும்வரை அதைத் தொடக் கூடாது. ஆகவே நாங்கள் இருவரும் நேரே நூலகத்துக்குப் போய்விடுவோம். அங்கே சுவரோரமாக ஒரு பழைய இரும்பு ரேடியேட்டர் இருந்தது. பெயின்ற் உரிந்து, விலாவெலும்பு தெரிகிற மாடு போல நிற்கும். அதன்மேல் கையுறைகளைக் காயப் போட்டால் நனைந்த கம்பளி மணம் எழும்பும். வேலையிழந்த வெள்ளைக்காரக் கிழவர்கள் பத்திரிகையை விரித்துப் பிடித்தபடி தூங்கி வழிவார்கள். ஆளுக்கு நான்கு சிறிய மண்ணிற அட்டைப் பைகள் தந்திருந்தார்கள். ஒரு புத்தகம் எடுத்தால் அதன் சீட்டை அந்தப் பைக்குள் செருகி நூலகப் பெண் வைத்துக்கொள்வார். பிறகு தேதியை ‘டப்’ என்று குத்துவார். அந்தச் சத்தம் இப்போது உலகத்தில் எங்குமே கேட்பதில்லை.

சித்தப்பா எடுப்பது ஒரே வகைதான். முதுகில் சின்ன ரொக்கெட் படம் ஒட்டிய புத்தகங்கள். அவை அப்போதே பழையவை, எங்கள் அப்பா பிறந்த காலத்தில் எழுதப்பட்டவைகூட இருந்தன. எனக்கு முதலில் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. மற்றப் பெரியவர்கள் சட்டம், கணக்கியல், கார் ஓட்டும் விதிகள் என்று எடுப்பார்கள். இவர் மட்டும் அட்டையில் பச்சை மனிதன் நிற்கிற புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பார்.

"ஏன் சித்தப்பா எந்த நாளும் இதையே எடுக்கிறியள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மற்றக் கதைப் புத்தகத்தைத் திறந்தா, அதில இருக்கிற எல்லாருக்கும் எல்லாம் தெரியும் பிள்ளை. ஆருக்கு ஆரில கோவம், எந்தக் கோப்பையில தேத்தண்ணி குடிக்க வேணும் எண்டு எல்லாம். எனக்கு மட்டும் ஒண்டும் தெரியாது. இதில அப்பிடியில்லை. கதவு என்னெண்டு திறக்கிறது எண்டுகூடச் சொல்லித் தருவாங்கள். வாசிக்கிற எல்லாரும் ஊருக்குப் புதுசு."

பிறகு நான் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்தேன், பெரிய பெரிய விமர்சகர்கள் சொன்னதையெல்லாம் மனப்பாடம் செய்தேன். விஞ்ஞானப் புனைகதையைப் பற்றி அதைவிடச் சரியாக ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

வாசிக்கும் முறை இப்படி. பகலில் நான் பள்ளியில் இருக்கும்போது அவர் தனியாக அங்கே போய், அகராதியை வைத்துக்கொண்டு, அன்றைய பக்கங்களை ஒருமுறை மெதுவாக நடந்து பார்த்துவிடுவார். மாலையில் நான் தாழ்ந்த குரலில் வாய்விட்டு வாசிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். விளங்காத இடத்தில் விரலை உயர்த்துவார். நான் தமிழில் சொல்ல வேண்டும். எனக்கும் பாதி விளங்காது. ஆனால் தெரியாது என்று சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஏதாவது ஒன்றை எடுத்து விடுவேன். விண்கலத்தின் இயந்திரத்தைப் பற்றி நான் அந்தக் குளிர்காலத்தில் தமிழில் சொன்னவற்றை நம் டாக்டர் கேட்டிருந்தால் வடையைக் கீழே வைத்திருப்பார்.

வீட்டில் என் புகழ் இதனால் ஏறிக்கொண்டே போனது. யார் வந்தாலும் அம்மா, "இவள் இந்தத் தடிச்ச புத்தகத்தை மூண்டு நாளில முடிச்சுப்போடுவாள்" என்று புத்தகத்தைத் தூக்கிக் காட்டுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. தடிப்புத்தான் கணக்கு. கீழ்வீட்டுக்காரர், அவர்களுடைய சொந்தக்காரர், கோயிலில் பழக்கமான குடும்பங்கள் என்று எல்லோரும் கடிதங்களோடு வருவார்கள். பெனிபிட் படிவம், காஸ் பில், ஆஸ்பத்திரிக் கடிதம். நான் சோபாவில் கால் நிலத்தில் படாமல் உட்கார்ந்துகொண்டு வாசித்துச் சொல்வேன். ஒரு மாமி எனக்கு ‘ஒபிஸ்’ என்றே பெயர் வைத்துவிட்டார்.

இனி அந்தப் புத்தகங்களைப் பற்றி. தலைப்புகள் வேண்டாம், செயலாளர் உடனே இணையத்தில் தேடத் தொடங்கிவிடுவார்.

ஒன்று சந்திரனில் கட்டிய நகரத்தைப் பற்றியது. மக்கள் கண்ணாடிக் குழாய்களுக்குள் வழுக்கிக்கொண்டு வேலைக்குப் போவார்கள். எனக்கு அது மிகவும் பிடித்தது. கடைசிப் பக்கத்தில் எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சூப் குடித்துவிட்டுப் படுப்பார்கள். இதை எழுதிய ஆளே இன்னும் நான்கைந்து எழுதியிருந்தார், எல்லாம் அப்படியே முடியும். சில வருடங்களுக்கு முன் குட்மேய்ஸில் ஒரு பழம்பொருள் கடையில் அதே புத்தகம் கிடைத்தது. வாங்கிக்கொண்டு வந்து வாசித்தேன். சந்திரனில் தொலைபேசிக்குச் சுருள் வயர் இருக்கிறது. ஆண்கள் பைப்பில் புகை பிடிக்கிறார்கள், பெண்கள் தட்டச்சு செய்கிறார்கள். அதெல்லாம் எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. அந்த நகரத்தில் ஒருவருக்குமே களைப்பில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஐம்பதாம் பக்கத்தில் மூடிவைத்தேன்.

இன்னொன்றில் வீட்டுவேலை செய்யும் இயந்திர மனிதர்கள். எதைக் கீழே போட்டாலும் மன்னிப்புக் கேட்கும். நாங்கள் ஏறின பஸ்ஸில் ஒருவர் சித்தப்பாவின் காலை மிதித்தபோது, சித்தப்பாவே முந்திக்கொண்டு "சொறி" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "நானும் மெசினாப் போனன் பிள்ளை" என்றார். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன். அல்லது எனக்கு அந்த ஒன்றுதான் ஞாபகம் இருக்கிறது.

மூன்றாவது புத்தகம் மெலிந்தது. அட்டையில் படம்கூட இல்லை. ஆறு மாதம் பகல், ஆறு மாதம் இரவு என்றிருக்கும் ஒரு கிரகத்தில் நிலம் அளக்கப் போகிற ஒருவனின் கதை. பெரும்பாலும் அவன் நடப்பான், அளப்பான், எழுதுவான். எட்டாம் அதிகாரத்தின் முடிவில் அவனுடைய சொந்தப் பக்கத்து ஆட்களே அவனைப் பிடித்துக்கொண்டு போவார்கள். நான் ஆவலோடு பக்கத்தைத் திருப்பினேன். சித்தப்பா கையை வைத்து மறித்தார்.

"இந்த அதிகாரம் வேண்டாம். பத்துக்குப் போ."

"ஏன் சித்தப்பா? அவனைப் பிடிச்சிட்டாங்கள் எல்லே?"

"சும்மா அளவெடுக்கிறதைப் பற்றித்தான் கிடக்கு. அலுப்பு."

அலுப்பு என்று சொன்னால் நான் தொடமாட்டேன். பத்துக்குப் போனேன். அதில் அவன் ஒரு பாதையை அளந்துகொண்டு நிற்கிறான், எப்படி வெளியே வந்தான் என்று இல்லை. நான் ஒன்பதில் அது இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

முப்பது வயது தாண்டித்தான் அந்த ஒன்பதாம் அதிகாரத்தை வாசித்தேன். பதினொரு பக்கம். ஓர் அறை. வெளியே சூரியன் மறைவதில்லை என்பதால் அவன் நாட்களை வாளி மாற்றுவதை வைத்து எண்ணுகிறான். போகப் போக எண்ணுவதை விட்டுவிட்டு, வருகிறவர்களைச் சப்பாத்தை வைத்து அடையாளம் பிடிக்கப் பழகுகிறான். அடிப்பதைப் பற்றி எழுத்தாளர் இரண்டே வரிதான் எழுதியிருக்கிறார். கடைசியில் ஒருநாள் கதவு திறந்து கிடக்கிறது. எழும்பு என்று ஒருவரும் சொல்லாதபடியால் அவன் உட்கார்ந்தே இருக்கிறான். அதோடு அதிகாரம் முடிகிறது. பிறகு எங்கே போனான், யார் சாப்பாடு கொடுத்தார்கள், ஒன்றும் இல்லை. அந்தக் கிரகத்தின் விஞ்ஞானம் முழுப் பிழை. அந்தக் காற்றில் ஒரு மனிதன் அரை மணி நேரம் உயிரோடு இருக்க முடியாது என்று இன்று பள்ளிப் பிள்ளையே சொல்லும். ஆனால் அந்த அறை அப்படியே இருக்கிறது. நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் சும்மா இருந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அழுதேன் என்று எழுதினால் பொய்.

சரி, நடந்ததுக்கு வருகிறேன்.

மாசி மாதப் பள்ளி விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை சித்தப்பா தன் வாக்குமூலத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது. ஊரில் என்ன நடந்தது, ஏன் திரும்பிப் போக முடியாது என்று எழுத்தில் கொடுக்கும் முதல் அறிக்கை. அதை வைத்துத்தான் எல்லாமே. வழக்கறிஞரின் அலுவலகம் ஒரு திரைச்சீலைக் கடைக்கு மேலே இருந்தது. நல்ல பெண்மணி, களைத்த முகம், மேசை முழுவதும் கோப்பு. அன்றைக்கு மொழிபெயர்க்க வர வேண்டிய அண்ணை காய்ச்சலில் படுத்துவிட்டார். இனி மூன்று கிழமைக்குப் பிறகுதான் வேறு ஆள் கிடைக்கும். அறிக்கையை அனுப்ப வேண்டிய கடைசி நாளோ அந்த வெள்ளிக்கிழமை.

நான் ஏன் அங்கே இருந்தேன்? விடுமுறை, வீட்டில் ஆள் இல்லை, அவ்வளவுதான். அப்பா என் தோளில் கை வைத்தார்.

"இவள் சொல்லுவாள்" என்றார்.

"அண்ணை, பிள்ளை வேண்டாம்" என்றார் சித்தப்பா.

"என்னடா வேண்டாம்? உன்ர புத்தகம் முழுக்க இவள்தானே வாசிச்சுச் சொன்னவள். வேற ஆளைத் தேடினா தேதி போயிடும். பிறகு குந்தியிருந்து அழு."

வழக்கறிஞர் என்னைப் பார்த்து, உன்னால் முடியுமா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்கிற பழக்கம் இல்லை என்றேனே. முடியும் என்றேன். அப்பா ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதால் போய்விட்டார். நாங்கள் மூவரும் இருந்தோம்.

கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. பெயர், ஊர், எந்த மாதம், எத்தனை பேர் வந்தார்கள். சித்தப்பா ஒவ்வொரு தடவையும் முதலில் என் முகத்தைப் பார்த்தார். எனக்குச் சொல் வருமா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"எத்தினை நாள் வைச்சிருந்தவங்கள் எண்டு கேக்கிறா, சித்தப்பா."

அவர் மறுபடியும் என் முகத்தைப் பார்த்தார்.

"ரெண்டு நாள்."

"அடிச்சவங்களோ எண்டு கேக்கிறா."

"ஒண்டு ரெண்டு தரம். பெரிசா ஒண்டுமில்லை எண்டு சொல்லு."

சொன்னேன். என் ஆங்கிலம் மணி மணியாக வந்தது. வழக்கறிஞரின் பேனா என் வேகத்துக்கு ஓடியது. எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. பிறகு என்ன நடந்தது என்று கேட்டார்.

"விட்டிட்டாங்கள்" என்றார் சித்தப்பா.

அதற்குப் பிறகு?

சித்தப்பா ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். கீழே நின்ற ஒரு பஸ்ஸின் கூரை தெரிந்தது. கேள்வியை நான் இன்னொரு தடவை தமிழில் சொன்னேன். பதில் இல்லை. வழக்கறிஞர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். யாரும் பேசாத அந்த நேரம் எனக்குத் தாங்க முடியவில்லை. நான்தானே சொல்ல வேண்டியவள், நான் சொல்லாமல் இருப்பதுபோல இருந்தது. கதை அப்படி நடுவில் நிற்கக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும், நான் வாசித்த அத்தனை புத்தகத்திலும் மனிதர்கள் கடைசியில் எங்கேயாவது போய்ச் சேர்ந்திருந்தார்கள். ஆகவே, அவர் வீட்டுக்குப் போய் நித்திரை கொண்டார் என்று ஆங்கிலத்தில் நானே சொல்லிவிட்டேன்.

வழக்கறிஞர் தலையாட்டி எழுதினார். சித்தப்பா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் எனக்குச் சிப்ஸ் வாங்கித் தந்தார். வினாகிரி கொஞ்சம் கூடுதலாக.

வைகாசியில் அதிகாரிகள் நேரில் கூப்பிட்டு விசாரித்தார்கள். அங்கே மொழிபெயர்த்தவர் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு நடுத்தர வயதுத் தமிழர். ஐந்து மணித்தியாலம் நடந்தது. சித்தப்பா வீட்டுக்கு வந்து, "எல்லாம் சொல்லிப்போட்டன் அண்ணை" என்றார். அன்றைக்கு அம்மா வைத்த புட்டை இரண்டாம் தரமும் கேட்டுச் சாப்பிட்டார். இனிப் பிரச்சினை இல்லை என்று எல்லோரும் நினைத்தோம்.

பதில் ஆடியில் ஒரு சனிக்கிழமை வந்தது. மண்ணிற உறை, நான்கு பக்கம். வழக்கம்போல ‘ஒபிஸ்’ வாசித்தது. அப்பா, அம்மா, சித்தப்பா மூவரும் எதிரே இருந்தார்கள். முதல் பக்கத்திலேயே இல்லை என்று போட்டிருந்தது. ஏன் என்பது மூன்றாம் பக்கத்தில் இருந்தது. நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன்.

"முதல் அறிக்கையில ரெண்டு நாள் எண்டு சொன்னீங்களாம். விசாரணையில நாப்பத்தொரு நாள் எண்டு சொன்னீங்களாம். ரெண்டில ஒண்டு பொய்யாம். அதால உங்களை நம்ப ஏலாதாம்."

அப்பா எழும்பிவிட்டார். "டேய், என்னத்துக்கடா ரெண்டு நாள் எண்டு சொன்னனி? உனக்கென்ன விசரோ?"

சித்தப்பா தரையைப் பார்த்தார்.

"பிள்ளை எல்லே இருந்தது அண்ணை. அதின்ர வாயால என்னெண்டு அதைச் சொல்ல விடுறது?"

அப்பாவின் முகம் எப்படிப் போனது என்று நான் இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியும், சொல்ல விருப்பமில்லை. என்னைக் கொண்டுபோய் அந்தக் கதிரையில் இருத்தியவர் அவர். அதற்குப் பிறகு இருபது வருடம் உயிரோடு இருந்தார். அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. தடித்த புத்தகம் வாசிக்கிற பிள்ளை எதையும் தாங்கும் என்று நினைத்துவிட்டார். சித்தப்பா தாங்காது என்று நினைத்தார். இருவருமே என்னிடம் கேட்கவில்லை.

"மிச்சத்தை வாசி" என்றார் அம்மா.

அடுத்த பந்தியில் என் வசனம் இருந்தது. விடுவிக்கப்பட்டதும் வீட்டுக்குப் போய் நித்திரை கொண்டதாக முதலில் சொன்னீர்கள், இப்போதோ பாதையில் கிடந்த உங்களை யாரோ தூக்கிப்போய் ஒரு தேவாலயத்தில் மூன்று கிழமை வைத்திருந்ததாகவும், வீட்டுக்குத் திரும்பிப் போகவே இல்லை என்றும் சொல்கிறீர்கள் என்று எழுதியிருந்தது. நாள் கணக்கை யாராவது பயத்தில் மாற்றிச் சொல்லலாம், ஆனால் வீட்டுக்குப் போனோமா இல்லையா என்பதை ஒருவர் மாற்றிச் சொல்வதற்குக் காரணமே இல்லை என்ற பொருளில் இன்னொரு வரியும் இருந்தது. என் கண் அதில் நின்றது. எனக்குப் பதினொரு வயது, ஆனால் முட்டாள் இல்லை. அது என்ன செய்திருக்கிறது என்று விளங்கியது.

நான் அந்தப் பந்தியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன். மேல்முறையீடு செய்ய இத்தனை நாள் இருக்கிறது என்று வாசித்துச் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அப்போது வராத நடுக்கம் பிறகும் வரவில்லை. எங்கே போனது என்று எனக்குத் தெரியாது.

வழக்கறிஞர் தன்னால் ஆனதைச் செய்தார். சிறு பிள்ளைதான் மொழிபெயர்த்தது என்று எழுதிப் போட்டார். அது எடுபடவில்லை. கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை சித்தப்பாவைக் கொழும்புக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள். அப்பா மட்டும் விமான நிலையத்துக்குப் போனார். நான் புதுப் பள்ளியில் பூகோளப் பாடத்தில் இருந்தேன், மழை எப்படிப் பெய்கிறது என்று படம் கீறினோம். வீட்டுக்கு வந்தபோது அவருடைய அட்டைப் பைகள் நான்கும் மேசையில் கிடந்தன. அம்மா அவற்றை நூலகத்தில் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். நூலகப் பெண் அவற்றை ஓர் இழுப்பறைக்குள் போட்டார்.

எவை நிற்கின்றன என்று கேட்டீர்கள். என் பதிலை இப்போது சொல்லிவிடுகிறேன், டாக்டர் கோபிக்கக் கூடாது. சயின்ஸ் பிழையாகிப் போனதால் எந்தப் புத்தகமும் விழுவதில்லை. வாசிக்கிறவர் பயந்துவிடுவாரே என்று இரக்கப்பட்டு எழுதிய புத்தகங்கள் விழுந்துவிடுகின்றன. எழுதியவருக்குத் தெரியாத இடத்தில் பேசாமல் நின்றுவிட்ட புத்தகங்கள் நிற்கின்றன. நிலம் அளந்தவனின் கதவு திறந்த பிறகு அந்த எழுத்தாளர் ஒரு சொல் எழுதவில்லை. நான் எழுதினேன். அந்த வழக்கறிஞரின் மேசையில் நானும் ஒரு சின்ன நாவல் எழுதினேன். அது ஐந்து மாதம்கூட நிற்கவில்லை. இருபது வருடமாக இதைத்தான் என் மாணவர்களுக்கும் வேறு வேறு சொற்களில் சொல்லி வருகிறேன்.

அதில் எனக்கே முழு நம்பிக்கை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான் அன்றைக்கு வாய் திறக்காததற்கு அதுதான் உண்மையான காரணம்.

சித்தப்பா கொழும்பில் வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் இருந்தார். ஒரு கடையில் கணக்கு எழுதினார். கலியாணம் செய்யவில்லை. தொண்ணூறுகள் முடிவதற்குள் சிறுநீரகம் பழுதாகிச் செத்துப்போனார். பழைய அடியால் வந்தது என்று ஒருவர் சொன்னார், தண்ணீர் குடிக்காததால் என்று இன்னொருவர் சொன்னார். அதற்கு இரண்டு வருடம் முன்பு, எனக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை பல்கலைக்கழக விடுதித் தொலைபேசியிலிருந்து அவருக்கு எடுத்தேன். வீட்டுக்காரர் கீழே இருந்து கூப்பிட, அவர் படியிறங்கி வரும் சத்தம் கேட்டது. என்ன படிக்கிறாய், சாப்பாடு என்ன, குளிரோ என்று கேட்டார். கார்டில் நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் சொல்லிவிட்டேன்.

"சித்தப்பா, அண்டைக்கு லோயரிட்ட நீங்கள் சொல்லாத ஒண்டை நான் சேத்துச் சொன்னனான். கடிதத்திலயும் அது இருந்தது. உங்களுக்கு வாசிச்சுக் காட்டேல்லை."

"ஓம், தெரியும்."

"தெரியுமோ? கடிதத்தைப் பிறகு வாசிச்சனீங்களோ?"

"இல்லை, அண்டைக்கே தெரியும். பக்கத்தில தானே இருந்தனான். அந்தளவு இங்கிலிஷ் எனக்கு அப்ப விளங்கும் பிள்ளை."

"அப்ப ஏன் திருத்தேல்லை?"

அந்தப் பக்கம் ஒரு வாகனம் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. போய் முடியும்வரை அவர் காத்திருந்தார்.

"வீட்டை போய் நித்திரை கொண்டவர் எண்டு சொன்னனி. கேக்க நல்லா இருந்தது. அதான் விட்டிட்டன்."